தள்ளிப்போட்ட மதிப்பீடு: நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தின் புதிய சோலைவரியும் பீலெஃபெல்ட் நகரின் வீடு, கடை உடைமையாளரும்

ஜெர்மனியில் நிலமோ வீடோ கடையோ உடையவர் எவரும் தம் நகராட்சிக்கு ஆண்டுதோறும் செலுத்தும் வரிக்கு அந்நாட்டு மொழியில் ‘குருண்ட்ஸ்டாயர்’ என்று பெயர். தமிழ்நாட்டில் சொத்துவரி என்றும் இலங்கையில் சோலைவரி என்றும் வழங்குவதற்கு நெருங்கிய உறவுடையது இது. பீலெஃபெல்ட் முதலிய நகரங்களில் வாழும் தமிழருள் பெரும்பாலோர் இலங்கையிலிருந்து வந்தவர் ஆதலின், சோலைவரி என்னும் சொல்லே இங்கு எடுத்தாளப்படுகிறது. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் பதினைந்தாம் நாளில் நான்கு தவணைகளாகச் செலுத்தப்படும் இவ்வரியின் முழுத்தொகையும் மாநிலத்துக்கோ நடுவணரசுக்கோ போகாமல் நகராட்சியின் கருவூலத்திலேயே தங்குகிறது. வீட்டுக்காரர் கட்டினாலும் அதன் சுமையை அவர் ஒருவரே தாங்குவதில்லை. வீட்டின் நடப்புச் செலவுகளைப் பற்றிய விதிகள் இவ்வரியை வாடகைக்குடியிருப்போர் மீது ஏற்ற இடமளிப்பதால், ஆண்டிறுதிக் கணக்குச் சீட்டில் வாடகைக்காரரும் அதைக் காண்கிறார். சொந்த வீடு இல்லாதவருக்கு இவ்வரியால் பாதிப்பில்லை என்ற எண்ணம் தவறானது.

2025 சனவரி 1 முதல் இவ்வரி புதிய அடித்தளத்தின்மேல் நிற்கிறது. நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் அந்த அடித்தளம் அமைக்கப்பட்ட விதமும், அதனால் வீடுகளுக்கும் வணிக இடங்களுக்கும் இடையே எழுந்த வழக்கும், அவ்வழக்கில் நீதிமன்றங்கள் சொன்னவையும் இச்சொற்பொழிவின் பொருளாகும். வரி உயர்ந்ததா, தாழ்ந்ததா என்பதே பரவலாகப் பேசப்படுகிறது. ஆனால் இவ்வளவு வழக்குக்கும் வேர், அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு மதிப்பீட்டைச் செய்யாமல் தள்ளிக்கொண்டே வந்ததில்தான் இருக்கிறது. உயர்வும் தாழ்வும் அதன் விளைவுகளே.

பழைய முறை ‘அலகு மதிப்பு’ எனத்தக்க ஒன்றின்மேல் எழுந்தது. மேற்கு ஜெர்மனியில் 1964 சனவரி 1 அன்று ஒவ்வொரு நிலத்துக்கும் கட்டடத்துக்கும் இருந்த மதிப்பே அது. கிழக்கு ஜெர்மனிப் பகுதிகளிலோ 1935ஆம் ஆண்டின் மதிப்பே நாடு ஒன்றான பின்னும் தொடர்ந்தது. ஆறாண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மீண்டும் மதிப்பிட வேண்டும் என்பதுதான் சட்டத்தின் மூல ஏற்பாடு. ஆயினும் 1970இல் அடுத்த மதிப்பீடு நாள் குறிக்காமல் ஒத்திவைக்கப்பட்டது; பின்னர் அது நடைபெறவே இல்லை. 1990இல் ஒரு வீடு கட்டப்பட்டால் அந்த வீடு 1964இல் இருந்திருந்தால் என்ன வாடகை கிடைத்திருக்கும் என்று அலுவலர்கள் கணக்கிட்டு அதற்கு மதிப்புச் சூட்டினர். இல்லாத ஒரு காலத்தில் இல்லாத ஒரு வீட்டுக்குக் கிடைத்திராத வாடகை வரிக்கு அடிப்படையாயிற்று.

பீலெஃபெல்ட் நகரை வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கின் விநோதம் தெளிவாகும். 1964இல் இந்நகரில் பல்கலைக்கழகம் இல்லை; அது 1969இல்தான் நிறுவப்பட்டது. பிராக்வேடே, சென்னெஷ்டட், யோலன்பெக் ஆகியவை அப்போது பீலெஃபெல்டைச் சேர்ந்தவையல்ல. 1973 சனவரி 1 அன்று நடந்த நகராட்சி எல்லைச் சீரமைப்பில்தான் அவை நகரத்தோடு இணைந்தன. லினன் துணியும் நூற்பாலையும் தையல் பொறியுமாகப் பெயர்பெற்றிருந்த ஊர், கல்வியும் மருத்துவமும் அலுவலகமும் சார்ந்த ஊராக மாறியது. ராவென்ஸ்பெர்க் நூற்பாலையில் நூற்கும் பொறிகள் நின்றுபோய் இன்று அக்கட்டடத்தில் மக்கள் கல்விக்கூடம் நடக்கிறது. ஊழியர் குடியிருந்த தெருக்கள் சில மதிப்பேறின. ஆலைகளை நம்பியிருந்த தெருக்கள் சில மதிப்பிழந்தன. வரி ஏட்டிலோ இவ்வூர் 1964இல் இருந்தபடியே இருந்தது.

மதிப்பைப் புதுப்பிக்காமல் விட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை, எல்லோருக்கும் வரி குறைவாகத்தானே இருக்கும் என்று தோன்றலாம். இந்த எண்ணத்தைக் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் 2018 ஏப்ரல் 10 அன்று வழங்கிய தீர்ப்பில் தகர்த்தது. இவ்வரி பங்கீட்டுத் தன்மை உடையது. நகராட்சிக்கு ஒரு தொகை தேவை. அத்தொகை எல்லா உடைமையாளருக்கும் இடையே மதிப்பின் விகிதத்தில் பிரிகிறது. ஒருவரின் மதிப்பு உண்மையைவிடத் தாழ்வாக நின்றால் அவர் செலுத்தாத பகுதியை அடுத்தவர் செலுத்துகிறார். எல்லா மதிப்பும் ஒரே அளவில் பழையனவாகியிருந்தால் கேடில்லை. அவை வெவ்வேறு அளவில் பழையனவாயின என்பதே கேடு. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் அடிப்படைச் சட்டத்தின் மூன்றாம் உறுப்புக்கு இது முரண் என்று கூறிய நீதிமன்றம், 2019 முடிவதற்குள் புதுச்சட்டம் இயற்ற வேண்டும் என்றும், பழைய முறை அதிகபட்சம் 2024 முடிவுவரை மட்டுமே நடக்கலாம் என்றும் காலக்கெடு விதித்தது.

இந்தச் சோம்பல் ஜெர்மனிக்கு மட்டும் உரியதன்று. சென்னை மாநகராட்சியில் 1998க்குப் பின் 2022 வரை சொத்துவரியின் பொதுச் சீராய்வு நடைபெறவில்லை. இருபத்து நான்கு ஆண்டு கழித்து அது நடந்தபோது பெரிய வீடுகளுக்கு 150 விழுக்காடு வரை உயர்வு ஒரே அடியில் வந்து விழுந்தது. சோழர் காலத்தில் இராசராசன் ஏறத்தாழ 1000ஆம் ஆண்டளவில் தொடங்கிய நில அளவையைக் குலோத்துங்கன் 1086இல் மீண்டும் செய்வித்தான் என்று வரலாற்றறிஞர் கூறுவர். நிலத்தை அளப்பதைவிட அளந்ததைப் புதுப்பிப்பதே ஆட்சிக்குக் கடினமான பணி. அளவை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் இத்தனை காலம் பயனடைந்தவர் யார் என்பது அம்பலமாகிவிடுகிறது.

2019 நவம்பரில் நாடாளுமன்றம் புதுச்சட்டம் இயற்றியது. அதற்கெனவே அரசமைப்பும் திருத்தப்பட்டது. கூடவே மாநிலங்கள் விரும்பினால் தமக்கெனத் தனி முறை வகுத்துக்கொள்ளலாம் என்ற வாயிலும் திறந்து விடப்பட்டது. பவேரியா பரப்பளவை மட்டும் கணக்கில் கொண்டது. பாடன்-வூர்ட்டெம்பெர்க் நிலத்தின் மதிப்பை மட்டும் கொண்டது. சாக்சனி கூட்டாட்சி முறையை ஏற்றாலும் வணிக இடங்களுக்கு, மதிப்பைப் பெருக்கி வரி காணும் அளவெண்ணை இரு மடங்காக்கிக்கொண்டது. நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனோ எந்த மாற்றமும் இன்றிக் கூட்டாட்சி முறையை அப்படியே எடுத்துக்கொண்டது. பின்னால் வந்த சிக்கலுக்கெல்லாம் இந்த முடிவே தொடக்கம்.

அந்த முறையில் வரி மூன்று படிகளில் பிறக்கிறது. முதலில் வரி அலுவலகம், 2022 சனவரி 1 அன்றைய நிலவரப்படி சொத்தின் வரிமதிப்பை நிறுவுகிறது. அடுத்து அதனை ஒரு சிறு அளவெண்ணால் பெருக்குகிறது. குடியிருப்புக்கு ஆயிரத்துக்கு 0.31, மற்றவற்றுக்கு ஆயிரத்துக்கு 0.34. மூன்றாவதாக நகராட்சி மன்றம் தான் தீர்மானித்த விதிப்பு வீதத்தை, அதாவது விழுக்காட்டில் சொல்லப்படும் ஒரு பெருக்கெண்ணை, அதன்மேல் இட்டு இறுதித் தொகையைக் கேட்கிறது. மூன்று இலட்சம் யூரோ வரிமதிப்புள்ள ஒரு குடியிருப்புக்கு முதலிரு படிகளில் 93 யூரோ வரும். விளக்கத்துக்காக விதிப்பு வீதத்தை 700 விழுக்காடு என்று கொண்டால் ஆண்டு வரி 651 யூரோ ஆகும்.

மதிப்பை நிறுவும் விதமே முக்கியமானது. குடியிருப்புகளுக்கு வருவாய் முறை பின்பற்றப்படுகிறது: வீட்டின் உண்மையான வாடகை கேட்கப்படாது, மாநிலம் முழுமைக்கும் வகுக்கப்பட்ட பட்டியலிலிருந்து வீட்டின் வகை, பரப்பு, கட்டிய ஆண்டு ஆகியவற்றுக்கேற்ற வாடகை எடுக்கப்பட்டு, ஊரின் வாடகைப் படிநிலைக்கேற்ப ஏற்றியோ இறக்கியோ கணக்கிடப்படும். வணிகக் கட்டடங்களுக்கும் வீடும் கடையும் கலந்த கட்டடங்களுக்கும் பொருள்மதிப்பு முறை. அதைக் கட்ட வழக்கமாக ஆகும் செலவு பரப்பளவின்படி கணக்கிடப்பட்டு, அதன் வயதுக்கேற்பத் தேய்மானம் கழிக்கப்படும். இரண்டிலும் நிலத்தின் விலை சேர்கிறது. அவ்விலையை வல்லுநர் குழு வலயம் வலயமாக அறிவிக்கிறது. தமிழ்நாட்டில் பத்திரப்பதிவின்போது பார்க்கும் வழிகாட்டி மதிப்பைப் போன்றது அது.

பீலெஃபெல்ட் போன்ற, பல ஊர்கள் சேர்ந்து உருவான நகரத்தில் இம்முறையின் ஒரு குறை கூர்மையாகத் தெரிகிறது. வாடகைப் படிநிலை நகராட்சி முழுமைக்கும் ஒன்றே. நகரின் மேற்குப் பகுதியில், மாணவரும் ஆசிரியரும் போட்டியிட்டு வாடகைக்குக் கேட்கும் தெருவில் உள்ள பழைய அடுக்குவீட்டுக்கும், தென்கோடியில் சென்னெஷ்டட் பகுதியில் அதே பரப்பும் அதே காலத்தைச் சேர்ந்ததுமான வீட்டுக்கும் பட்டியல் ஒரே வாடகையையே எழுதும். இருப்பிட வேறுபாட்டை நிலத்தின் விலை மட்டுமே காட்ட வேண்டும். அந்நிலவிலையும் குடியிருப்பு முறையில் கட்டடத்தின் எஞ்சிய ஆயுளுக்கேற்பத் தள்ளுபடி செய்யப்பட்டே சேர்க்கப்படுகிறது. விளைவாக நல்ல தெருவில் இருப்பவர் உண்மையைவிடக் குறைவாகவும் எளிய தெருவில் இருப்பவர் உண்மையைவிட மிகுதியாகவும் மதிப்பிடப்படும் சாய்வு உண்டாகிறது. கோடிக்கணக்கான சொத்துகளை மதிப்பிடும் சட்டம் ஓரளவு பொதுமைப்படுத்தியே ஆக வேண்டும் என்பது உண்மை. ஆயினும் அப்பொதுமைப்படுத்தலின் செலவை எளியவர் தெரு ஏற்பது நீதிக்கு உகந்ததன்று.

பெரிய கொந்தளிப்பு வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. புதிய மதிப்புகள் திரண்டு வந்தபோது மாநிலத்தின் மிகப் பல நகராட்சிகளில் வீடுகளின் பங்கு ஏறியிருப்பதும் கடை, அலுவலகம், ஆலை ஆகியவற்றின் பங்கு இறங்கியிருப்பதும் புலனாயிற்று. வாடகை 1964க்குப் பின் பன்மடங்கு ஏறியிருந்தது. பழைய ஆலைக் கட்டடங்களோ தேய்மானத்தால் தாழ்ந்த மதிப்பைப் பெற்றன. நகராட்சி முன்பு பெற்ற அதே மொத்தத்தைப் பெற வேண்டுமாயின் அதற்கான வீதத்தில் வீட்டுக்காரர் மேலதிகம் செலுத்துவார். தொழிலகம் குறைவாகச் செலுத்தும்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் இருந்தன. சாக்சனியைப் போல மாநிலமே அளவெண்ணை மாற்றுவது ஒன்று. நகராட்சிகள் கூட்டமைப்பு மாநில அளவிலான தீர்வையே கேட்டது. மாநில அரசு அதை ஏற்காமல் 2024 சூலையில் வேறு சட்டம் இயற்றியது. அதன்படி நகராட்சி விரும்பினால் குடியிருப்புகளுக்கு ஒரு விதிப்பு வீதமும் குடியிருப்பல்லாதவற்றுக்கு வேறொரு வீதமும் வைத்துக்கொள்ளலாம். மேலோட்டமாகப் பார்த்தால் இது உள்ளூர் மன்றத்துக்கு அளித்த உரிமை போலத் தோன்றும். ஆழ்ந்து பார்த்தால், அரசமைப்புச் சிக்கல் நிறைந்த ஒரு முடிவையும் அதனால் வரும் வழக்கையும் வழக்கில் தோற்றால் வரும் வருவாய் இழப்பையும் மாநிலம் தன் தோளிலிருந்து இறக்கி நகராட்சிகளின் தோளில் வைத்தது என்றே கூற வேண்டும். வணிகருக்கு ஏற்றினால் வணிகர் வழக்குத் தொடுப்பர். ஏற்றாவிட்டால் வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் குமுறுவர். புதிய வரி தொடங்க ஆறு மாதமே இருந்த வேளையில் மன்றங்கள் இந்தத் தேர்வுக்குள் தள்ளப்பட்டன.

இச்சட்டத்தில் ‘குடியிருப்பல்லாத’ என்னும் சொல்லுக்குள் யார் யார் அடங்குகின்றனர் என்பதைக் கவனிக்காமல் இவ்வழக்கின் நியாயத்தை எடைபோட முடியாது. பெரிய ஆலைகளும் அங்காடிகளும் மட்டும் அதில் இல்லை. கட்டப்படாத மனைகள் அதில் அடங்கும். வீடும் கடையும் கலந்த கட்டடமும் அடங்கும். கீழே 120 சதுர மீட்டரில் ஒரு மளிகைக்கடையும் மேலே மொத்தம் 320 சதுர மீட்டரில் நான்கு குடியிருப்புகளும் கொண்ட கட்டடம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அதன் 440 சதுர மீட்டரில் வீட்டுப் பங்கு ஏறத்தாழ 73 விழுக்காடு. வாடகைக் குடியிருப்பு என்று கொள்ளப்பட 80 விழுக்காட்டுக்கு மேல் வேண்டும். எனவே அக்கட்டடம் முழுவதும் கலப்புப் பயன்பாட்டுக் கட்டடமாகி, நான்கு குடும்பங்கள் மேலே வாழ்ந்துகொண்டிருந்தபோதும் ‘குடியிருப்பல்லாத’ வரிசையில் நிற்கிறது.

அரிசி மூட்டையும் முருங்கைக்காயும் விற்கும் கடையைக் கீழேயும் குடும்பத்தை மேலேயும் வைத்துத் தொழில் வளர்த்துக்கொண்ட புலம்பெயர் வணிகருக்கு நன்கு தெரிந்த கட்டட அமைப்பு இது. ஜெர்மன் நகரங்களின் பழைய தெருக்களுக்கும் இதுவே இயல்பான அமைப்பு. இக்கட்டடத்தின் வரிமதிப்பும் மூன்று இலட்சம் யூரோ என்று கொண்டால் முதலிரு படிகளில் 102 யூரோ வரும். ஒரே வீதம் 700 விழுக்காடாக இருந்தால் வரி 714 யூரோ. நகராட்சி குடியிருப்புக்கு 600, மற்றவற்றுக்கு 1,200 விழுக்காடு என்று பிரித்துவிட்டால் இக்கட்டடம் 1,224 யூரோவும், அதே வரிமதிப்புள்ள பக்கத்துக் குடியிருப்புக் கட்டடம் 558 யூரோவும் செலுத்தும். இவை விளக்கத்துக்கான எண்களே. எனினும் வேறுபாட்டின் அளவு கற்பனையன்று, சில நகரங்களில் இரண்டாம் வீதம் முதல் வீதத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்காகவே அமைந்தது. வாடகையைக் குறைவாக வைக்க எழுந்த சட்டம், கடைக்கு மேல் குடியிருக்கும் வாடகைக்காரருக்குக் கணக்குச் சீட்டில் கூடுதல் சுமையைக் கொண்டுவரக்கூடும்.

இந்தப் பிரிவினைக்கு எதிராகக் கெல்சன்கிர்ஷன் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குகள் குவிந்தன. எஸ்ஸன், டோர்ட்முண்ட், போஹூம், கெல்சன்கிர்ஷன் ஆகிய நான்கு நகரங்களின் பிரிவுபட்ட வீதங்களைப் பற்றி 2025 டிசம்பர் தொடக்கத்தில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரிச்சுமை சமமாகப் பகிரப்பட வேண்டும் என்னும் நெறியை மீறியவை என்று கூறி, குடியிருப்பல்லாத சொத்துகளுக்கான அந்த உயர்வீதங்களின்படி அனுப்பப்பட்ட வரி அறிவிப்புகளைச் சட்டத்துக்கு மாறானவை என்றது. மேல்முறையீட்டுக்கு வழி திறந்திருக்கும் தீர்ப்பு ஆதலால் அது முடிந்த முடிவன்று. பீலெஃபெல்ட் அந்நீதிமன்றத்தின் எல்லையில் அமையவில்லை. இந்நகரின் வரி அறிவிப்பை எதிர்ப்பவர் மின்டன் நிர்வாக நீதிமன்றத்தை நாட வேண்டும். ஆயினும் மேலே ம்யூன்ஸ்டரில் உள்ள உயர் நிர்வாக நீதிமன்றம் மாநிலம் முழுமைக்கும் ஒன்றே என்பதால், அங்கு எழும் விடை மாநிலத்தின் எல்லா நகராட்சிகளின் வரவுசெலவுத் திட்டத்தையும் தொடும்.

ஏறத்தாழ அதே நாள்களில் எதிர்த்திசையில் ஒரு முடிவும் வெளிவந்தது. கூட்டாட்சி நிதி நீதிமன்றம் 2025 நவம்பர் 12 அன்று முடிவுசெய்து டிசம்பரில் வெளியிட்ட மூன்று தீர்ப்புகளில் (அவற்றுள் ஒன்று கோல்ன் நகர அடுக்குவீடு ஒன்றைப் பற்றியது) கூட்டாட்சி மதிப்பீட்டு முறை அரசமைப்புக்கு ஏற்புடையதே என்றது. பட்டியல் வாடகையும் வலய நிலமதிப்பும் தனித்தனி வீட்டில் பிழையாகலாம், ஆனால் பெருந்திரள் நடைமுறையில் அவ்வளவு பொதுமைப்படுத்தல் சட்டமியற்றுவோருக்கு அனுமதிக்கப்பட்டது என்பது அதன் கருத்து. வழக்கைத் தாங்கி நின்ற வீட்டுடைமையாளர் சங்கங்கள் அரசமைப்பு நீதிமன்றத்தை நாடுவதாக அறிவித்தன. ஆக, அடித்தளம் நிற்கிறது. அதன்மேல் சில நகரங்கள் எழுப்பிய சுவர் ஆடுகிறது.

தனிமனிதருக்குப் பயன்படும் செய்தி இவற்றுக்கிடையே ஒன்றுண்டு. 2024 மே மாதத்தில் அதே நிதி நீதிமன்றம், ஒரு சொத்தின் உண்மைச் சந்தை விலை அரசு நிறுவிய மதிப்பைவிட மிகத் தாழ்ந்திருந்தால் அதை மெய்ப்பிக்க உடைமையாளருக்கு வாய்ப்பு வேண்டும் என்று இடைக்கால ஆணைகளில் கூறியது. அவ்வாண்டின் இறுதியில் சட்டமே திருத்தப்பட்டது: அரசின் மதிப்பு உண்மை விலையைவிட 40 விழுக்காடாவது மிகுந்திருப்பதாக மெய்ப்பித்தால் தாழ்ந்த மதிப்பே ஏற்கப்படும். தகுதி பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையோ, மதிப்பீட்டு நாளுக்கு முன்னோ பின்னோ ஓராண்டுக்குள் நடந்த நேர்மையான விற்பனையின் விலையோ சான்றாகும். ஆனால் இதை எங்கே எப்போது கேட்பது என்பதில்தான் பலர் தவறிழைக்கின்றனர். வரி அலுவலகத்தின் மதிப்பு அறிவிப்பு வந்த ஒரு மாதத்துக்குள் அவ்வலுவலகத்திலேயே மறுப்புத் தெரிவிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, நகராட்சியின் இறுதி அறிவிப்பு வந்தபின் மதிப்பு மிகை என்று நகராட்சியிடம் வாதிட்டால் அது செல்லாது. முதல் அறிவிப்பு அடுத்தவற்றைக் கட்டுப்படுத்தும். கடிதத்தில் செலுத்த வேண்டிய தொகை எதுவும் எழுதப்படாததால் முதல் அறிவிப்பைப் பெட்டியில் போட்டு வைத்தவர் எண்ணற்றோர். தொகை எழுதப்படாத அந்தக் கடிதமே தொகையைத் தீர்மானித்தது.

மாநிலத்தில் சொத்துடைமையாளரைத் தொடும் பிற மாற்றங்களைச் சுருக்கமாகக் குறித்தல் போதும். தெருவைப் புதுப்பிக்கும் செலவில் ஒரு பங்கை அத்தெருவின் வீட்டுக்காரரிடம் பெறும் பழைய முறையை 2024இல் சட்டமன்றம் நீக்கியது. சில குடும்பங்களைப் பல்லாயிரம் யூரோ கடனில் தள்ளிய அம்முறை ஒழிந்தது நல்லதே. மறுபுறம் கட்டடச் சட்டத்தின்படி புதிய வணிகக் கட்டடங்களின் கூரையில் சூரிய மின்தகடு பதிக்கும் கடமை 2024 முதலும், புதிய வீடுகளுக்கு 2025 முதலும், பழைய கட்டடங்களின் கூரையை முழுமையாக மாற்றும்போது 2026 முதலும் வந்தது. வரிக்கு அடுத்தபடி இக்கடமையே கட்டடம் வாங்குவோர் முன்கூட்டிக் கணக்கிட வேண்டிய செலவு.

சோலைவரிக்குத் திரும்பினால், அடுத்த பொது மதிப்பீட்டு நாள் 2029 சனவரி 1 என்று சட்டம் குறித்திருக்கிறது. ஏழாண்டுக்கு ஒருமுறை என்பது இப்போதைய ஏற்பாடு. 1970இல் ஒத்திவைத்தவர்களும் ஒரு காலச் சுற்றைச் சட்டத்தில் எழுதி வைத்திருந்தனர். 2029க்குரிய புதிய வாடகைப் பட்டியலும் நிலமதிப்பும் கட்டுமானச் செலவும் சேர்ந்து மீண்டும் ஒருமுறை யாருடைய பங்கையோ ஏற்றும்; ஏறுபவர் குரல் எழுப்புவர்; அக்குரலுக்கு அஞ்சி மதிப்பீட்டைத் தள்ளிப்போடும் நயமான காரணங்கள் அவைகளில் எடுத்துரைக்கப்படும். அன்று அதற்கு இணங்காதிருப்பதே இத்துணை வழக்கும் செலவும் கற்பித்ததை மதித்ததாகும்.

அதுவரை இடையில் நேரும் மாற்றங்களை உடைமையாளரே வரி அலுவலகத்துக்குத் தாமாகத் தெரிவிக்கும் கடமை உண்டு. மேற்சொன்ன கட்டடத்தில் கடையை மூடிவிட்டு அந்த 120 சதுர மீட்டரையும் ஒரு குடியிருப்பாக மாற்றினால் கட்டடத்தின் வகையே மாறுகிறது. மாற்றம் தெரிவிக்கப்பட்டால் அடுத்த சனவரி முதல் நாள் தொட்டு அக்கட்டடம் குடியிருப்பு வரிசைக்கு வந்துவிடும். அப்போது தெருவில் ஒரு கடை குறைந்திருக்கும்.